அடித்த மறுநாளே பறிக்கலாம்

டிரம்மில் காதை வைத்துக் கேட்டாள் கரைசலக்கா. உள்ளே சத்தமே இல்லை.

முந்தின நாள் கலந்து மூடிய கரைசல் இந்நேரம் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்க வேண்டும். சூடான சட்டியில் ஈரக்கை பட்டதுபோல் ஓயாத ஒரு சடசடப்பு. அதைக் கேட்டால்தான் அவளுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். டிரம்மின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மூக்கைத் துளைத்துக்கொண்டு வர வேண்டிய புளித்த வாடை வரவில்லை. மேலே தடிமனாக நிற்க வேண்டிய வெள்ளை நுரையும் இல்லை. விரலை விட்டு நாக்கில் வைக்கப் போனவள், நிறம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு விரல்களை மட்டும் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. போட்ட வெல்லம் போட்டபடியே கிடந்தது. அதைத் தின்ன உள்ளே ஆளில்லை.

"செத்துப்போச்சு" என்றாள்.

வாசலில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த அவள் கணவர் பதறித் திரும்பினார். வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் அவர். "யாரு?"

"தாய்."

"அடச்சே, அதுவா. நான் வேற பயந்துட்டேன்."

"பயப்பட வேண்டிய விஷயம்தான்" என்றாள் அவள்.

தாய் என்று அவர்கள் சொன்னது பழைய கரைசலில் மிச்சம் வைப்பதை. அழுகத் தொடங்கிய பழங்களைத் தெருமுனைப் பழக்கடைகளிலிருந்து வாரிவந்து, நறுக்கி, வெல்லத்தோடு பிசைந்து, போன தடவைக் கரைசலில் கொஞ்சத்தை அதன் மேல் ஊற்றி மூடினால், அந்தக் கொஞ்சத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் பெருகிப் புதிய டிரம்மை நுரைக்க வைக்கும். நுரைத்து அடங்கியதை நீரில் கலந்து வேருக்கு விட்டால் உரம். அதிலேயே பூண்டும் மிளகாயும் வேப்பங்கொட்டையும் இடித்து ஊறப்போட்டு வடித்து இலைக்கு அடித்தால் பூச்சி அண்டாது. அவள் கலக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தாய் அறுந்ததே இல்லை. டிரம் மாறியிருக்கிறது, கொட்டகை மாறியிருக்கிறது, தாய் மாறவில்லை.

கரைசலக்கா என்பது தெரு வைத்த பெயர். சின்னப் பிள்ளைகள் நாத்தக்கா என்பார்கள். அதற்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். கணவர் மேல் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடை, அவள் மேல் புளித்த பழ வாடை. "நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தா மூக்கைப் பொத்த ஒரு கை போயிடும், மிச்சம் ஒரு கையால என்னத்த அள்ளுவான்?" என்பார் அவர்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அதற்கு முன்பு பம்பை முதுகில் கட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்குக் கூலிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். பம்பு ஒழுகும். நடக்க நடக்க முதுகு நனையும். சாயங்காலம் குளிக்கும்போது தோல் பட்டை பட்டையாக உரியும். சொன்னால் வயல்காரர், "அடுத்த தடவை மாத்திடலாம்" என்பார். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. ஒரு நாள் வாயில் நுரை தள்ளி வரப்பில் விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார் வயல்காரர். காற்று கருப்பு அடித்திருக்கும் என்றார்கள் கூட வேலைக்கு வந்தவர்கள். தெளிந்து எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பேய் என்னையப் பிடிச்சுதா, பம்பைப் பிடிச்சுதா? அதுதானே ஒழுகுது?"

பசி, பேய் இரண்டு விளக்கமும் பார்க்க வேறுவேறு. செய்த வேலை ஒன்று. ஒரு பம்பை மாற்றும் செலவிலிருந்து இரண்டும் வயல்காரரைக் காப்பாற்றின. உலகத்தில் பாதி மூடநம்பிக்கை இப்படித்தான் யாருடைய பணத்துக்கோ காவல் நிற்கிறது. கரைசலக்காவுக்கு இதை இந்த வார்த்தைகளில் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றைக்கு வரப்பிலேயே விளங்கிவிட்டது. பம்பை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் மறுபடி அதை முதுகில் ஏற்றவில்லை.

முதலில் கலந்த மிளகாய்க் கரைசல் பக்கத்து வீட்டு அவரைக்கொடியைக் கருக்கிவிட்டது. அந்த வீட்டம்மா, "பூச்சியைக் கொல்லச் சொன்னா செடியைக் கொன்னுட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். இவள் அளவைக் குறைத்தாள், கூட்டினாள், ஒரு இலையில் மட்டும் அடித்துப் பார்த்தாள், காத்திருந்தாள். எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் சோதித்தாள். கடைசியில் பிடிபட்டது. அப்போதுதான் அடுத்த தலைவலி. எவ்வளவு வடித்தாலும் மிளகாய் விதை தப்பிப் போய் ஸ்பிரேயரின் மூக்கை அடைத்துக்கொள்ளும். வாங்கிப்போனவர்கள் நடுவயலில் நின்று திட்டுவார்கள்.

அதைத் தீர்த்தவள் தையல்காரி. எதிர்வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முதல் முதலாகப் படியேறி வந்ததே சண்டைக்குத்தான்.

"அக்கா, உன் டிரம் நாத்தத்துல அளவு கொடுக்க வந்தவ ஒரு கை அளவோட ஓடிட்டா. இப்ப நான் ஒத்தைக் கை ஜாக்கெட்டா தைக்கிறது?"

சண்டையிடும்போதே அவள் கண் வடிகட்டும் துணி மேல் போயிற்று. "இது என்ன, மாவு சலிக்கிறியா? குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். மறுநாள் இரண்டு அடுக்குத் துணியில், நடுவே மெல்லிய ஒரு துணி வைத்து, கூம்பாக ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு ஒரு விதை தப்பவில்லை.

அப்படித்தான் கூட்டுத் தொழில் தொடங்கியது. கலப்பது கரைசலக்கா வீட்டுக் கொல்லைக் கொட்டகையில். வடித்ததைக் கேனில் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனால், பாட்டிலில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, சந்தைக்குக் கொண்டுபோய்ப் பேசி விற்பது எல்லாம் தையல்காரி. கரைசலக்காவுக்குப் பேச்சு வராது. தையல்காரிக்கு வாய் மூடாது. லேபிளில் கரைசலக்காவின் படத்தைப் போட வேண்டும் என்றவளும் அவள்தான்.

"என் மூஞ்சியைப் பார்த்தா பூச்சி பயப்படுமா?"

"மனுஷங்க நம்புவாங்க. என் மூஞ்சியைப் போட்டா பாட்டில திறந்து மோந்து பார்ப்பாங்க."

படத்துக்குக் கீழே, 'அடித்த மறுநாளே பறிக்கலாம்' என்று அச்சடித்தார்கள். அது விளம்பரத்துக்காக யோசித்த வாசகம் இல்லை. அவள் பம்பு சுமந்த நாள்களில் மருந்து அடித்த கீரையை மறுநாளே அறுத்து வண்டியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவள். யாரோ அதை அன்றைக்கே சமைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்பது சாப்பிடும்போதெல்லாம் நினைவுக்கு வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நாற்றத்தையும் சுமந்தாள். சந்தையில் யாராவது சந்தேகப்பட்டால் தையல்காரி பாட்டிலில் விரலை முக்கி நக்கிக் காட்டுவாள். காரத்தில் கண்ணீர் வரும். சிரித்துக்கொண்டே துடைப்பாள். விற்றுவிடும்.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது தொழில் மட்டுமில்லை. இருவருக்குமே சாமி, சகுனம், கண்ணேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. கரைசலக்காவின் கைராசிதான் காரணம் என்று யாராவது சொன்னால், தையல்காரி உடனே, "ஆமாங்க, கைராசிதான். அந்தக் கையை வெட்டிக் கொடுக்கிறேன், உங்க டிரம்ல போட்டு வைங்க" என்பாள். அதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே கரைசலக்கா எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள்.

அந்தத் தையல்காரிதான் தாய் செத்த அன்று கொட்டகைக்கு வந்து, டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"கண்ணு பட்டிருக்கும் அக்கா."

கரைசலக்கா கேலி என்று நினைத்துச் சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை.

"ஊர்ல எத்தனை பேர் வயித்தெரிச்சல் பட்டாங்க. விடு, தூக்கி ஊத்திட்டு வேற ஆரம்பிக்கலாம். டிரம்மையும் மாத்திடலாம்."

"ஏய், நீயாடி பேசுற?"

"எல்லாத்துக்கும் காரணம் தேடிக்கிட்டே இருந்தா எப்படி?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டிரம் செத்ததைவிட அந்தப் பேச்சுத்தான் கரைசலக்காவை உறுத்தியது. காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. நேற்றுவரை காரணம் கேட்டவள் திடீரென்று காரணம் தேடாதே என்கிறாள் என்றால், அந்தக் காரணம் எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது.

சமையலறை அலமாரியில் தொட்டிச் செடிகளுக்காக ஒரு சிறு ஜாடியில் பழைய தாயை வைத்திருந்தாள். நல்லவேளை, அது உயிரோடு இருந்தது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அதைப் பிரித்துப் பல கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றினாள். ஒன்றில் புது வெல்லம். ஒன்றில் அதே பழைய வெல்லம். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறிய தண்ணீர். ஒன்றில் டிரம்மில் போட்ட அதே பழம். வேறு என்ன புதிதாகச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தபோது, சந்தையிலிருந்து திரும்பி வந்த பாட்டில்கள் ஞாபகம் வந்தன.

விற்காமல் திரும்பியதைக் கொட்டுவது அவர்களுக்குள் வழக்கமில்லை. தாய் டிரம்மிலேயே ஊற்றிவிடுவார்கள். பூண்டுக் காரம் அதை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் முனகிவிட்டு மறுபடி நுரைக்கும். சில மாதங்களாகத் தையல்காரி அதைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். "பாட்டில் கழுவ அவசரம்" என்றாள். ஒரு நாள் கரைசலக்கா அதைப் பார்த்துவிட்டு, "வடிச்சவளுக்குத்தான்டி வலி தெரியும்" என்று திட்டினாள். தாய் சாவதற்கு முந்தைய நாள், தையல்காரி துணி எடுக்கப் போயிருந்தபோது, எதிர்வீட்டுத் திண்டின் கீழே அடுக்கியிருந்த திரும்பி வந்த பாட்டில் பெட்டியைத் தானே தூக்கிவந்து, ஒன்று விடாமல் திறந்து, டிரம்மில் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் வீணாக்கவில்லை என்ற திருப்தியோடு துணியைக் கட்டினாள்.

கடைசிப் பாட்டிலில், உயிருள்ள தாயின் மேல், அந்தப் பெட்டியின் காலிப் பாட்டில்களில் அடியில் தங்கியிருந்ததை வடித்துச் சேர்த்துக் கொஞ்சம் விட்டாள்.

மறுநாள் மதியம் எல்லாப் பாட்டில்களும் துணியைத் தொப்பிபோல் தூக்கிக்கொண்டு நின்றன. கடைசிப் பாட்டிலின் துணி மட்டும் தட்டையாக இருந்தது. பழ வாடைக்கு எப்போதும் சுற்றும் பொடி ஈக்கள் அதன் மேலும் உட்கார்ந்திருந்தன. ஊதினாள். பறக்கவில்லை. உதிர்ந்தன.

கரைசலக்கா அடுப்பை அணைத்தாள். ஒரு பயிற்சி முகாமில் கேட்டது நினைவுக்கு வந்தது. கரைசலை நுரைக்க வைப்பதும் ஒருவகைப் பூஞ்சைதான். பூச்சியும் சாகிறது, பூஞ்சையும் சாகிறது என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் வரும் கடை மருந்து. பழைய மருந்துகளாவது நாறிக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருபவற்றுக்கு வாடையே கிடையாது. அப்படியே வாடை இருந்தாலும் அவளுடைய பூண்டு நாற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தன் நாற்றமே தன்னை ஏமாற்ற உதவியிருக்கிறது.

எதிர்வீட்டுக்குப் போனாள். தையல்காரி ஒரு பாவாடை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் வெட்டுத் துணி. இஸ்திரி மேஜைக்குக் கீழே பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் கரைசலக்காவின் முகம்.

"இதுல என்னடி கலக்குற?"

மிஷின் நின்றது. "எதுல?"

"நான் முட்டாள்னு தெரிஞ்சுபோச்சு. குருடின்னும் நினைச்சுக்காத."

தையல்காரி வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். அழவில்லை. பொய்யும் சொல்லவில்லை. எழுந்து, துணி மூட்டைக்குப் பின்னால் கை விட்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள்.

"கொஞ்சம்தான் அக்கா. கேனுக்கு ஒரு மூடி."

கரைசலக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொடிய விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம். அதற்குக் கீழே மருந்தின் பெயர், நாக்கு சுளுக்கிக்கொள்ளும் நீளத்தில். எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடித்த எத்தனையோ நாளுக்குப் பிறகே அறுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"எப்பலேருந்து?"

"மழை விட்டதிலேருந்து. இலைப்புள்ளி வந்துச்சே, அப்ப."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! 'அக்கா, மெதுவா வேலை செய்யுதுன்னு கத்துறாங்க, ஏதாவது பண்ணு'ன்னு எத்தனை தடவை சொன்னேன்? 'பொறுக்கச் சொல்லு'ன்னுவ. பொறுக்கச் சொல்ல நீயா போன? ஒரு நாள் சந்தைக்கு வந்திருக்கியா? பாட்டிலைத் தூக்கி மூஞ்சியில எறியாத குறை. நீ கொட்டகையில சுத்தமா உக்காந்திருப்ப. நீ நல்லவளா இருக்கறதுக்கு நான் எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லணும் தெரியுமா?"

அதில் உண்மை இல்லாமலில்லை. கரைசலக்காவுக்கு அது தெரிந்தது. அதனால்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அடிச்ச மறுநாளே பறிக்கிறாங்களேடி. கீரையை. அதை யோசிச்சியா?"

தையல்காரி குனிந்து வெட்டுத் துணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரைசலக்காவுக்கு வேறொன்று உறைத்தது. மழை விட்டதிலிருந்து அவள் வீட்டுக்குக் கீரையும் காயும் தையல்காரிதான் கொண்டுவந்து கொடுக்கிறாள். "எங்க சித்தி வீட்டுக் கொல்லையில விளைஞ்சது அக்கா, சந்தையில வாங்காத" என்று பாசமாகச் சொல்லிப் பை நிறையக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"அதனாலதான் எனக்குத் தனியா கொண்டாந்து கொடுத்தியா?"

"உன்னை விட்டுடுவேனா அக்கா?" என்றாள் தையல்காரி. அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பாசம்தான் ஆளைச் சாய்த்தது. விஷம் எது, யாருக்குப் போகிறது என்று தெரியாமல் செய்த காரியமில்லை. தெரிந்து, பிரித்து, இவர்கள் சாப்பிடக் கூடாது, அவர்கள் சாப்பிடலாம் என்று கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் கரைசலக்காவைப் பத்திரமாக உட்கார வைத்திருக்கிறாள். கோட்டுக்கு வெளியே ஊர்.

டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குச் சமைத்ததைத் தொடவில்லை. "அவளா? நம்ம தையக்காரியா?" என்று மட்டும் கேட்டார் கணவர். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் முதல் வேலையாகக் கீரைக்காரரின் தோட்டத்துக்குப் போனாள். அவர்களிடம் அதிகமாக வாங்குபவர் அவர்தான். வேலி முகப்பில் 'மருந்தில்லாத் தோட்டம்' என்று பலகை. அவரும் ஏமாந்தவர்தானே, சொன்னால் துடித்துப்போவார், பாத்திகளை அழிக்கச் சொல்ல வேண்டியிருக்கும், பதிலுக்கு என்ன கொடுப்பது என்றெல்லாம் வழிநெடுக யோசித்துக்கொண்டு போயிருந்தாள். மோட்டார் அறை ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முழுதும் கேட்டார். நிதானமாகப் பல் குத்தினார்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நாங்கதான் கேட்டோம். நானும் இன்னும் ரெண்டு மூணு பேரும். அந்தத் தையக்காரப் பொண்ணு முதல்ல ஒத்துக்கல. அப்புறம் ஒத்துக்கிச்சு. முன்னெல்லாம் விரலை விட்டு நக்கிக் காட்டும். இப்பக் காட்டறதில்ல. அதுலயே தெரிய வேணாமா? உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க நினைச்சோம்."

கரைசலக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "மருந்துதான் வேணும்னா கடையில வாங்கி அடிக்க வேண்டியதுதானே? நடுவுல நான் எதுக்கு?"

"கடை டப்பாவுல உங்க மூஞ்சி இருக்காதே" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "பார்க்க வர்றவங்களுக்கு உங்க காலி பாட்டிலத்தான் காட்டுறோம். அதுக்குத்தான் விலை."

தோட்டத்து மூலையில் வலை போட்டு மூடிய சிறு பாத்தி ஒன்று தெரிந்தது. இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள். கரைசலக்கா அதையே பார்ப்பதைக் கண்டு அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அது வீட்டுக்கு" என்றார்.

எழுந்துவிட்டாள். "இன்னிக்கு அறுத்ததை அனுப்பாதீங்க."

"நேத்து சாயங்காலம் அடிச்சதுதான், வண்டி போயாச்சும்மா. வெயிலுக்கு முன்னாடி போகலைன்னா வாடிடும்."

வண்டி எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், கதவுக்கு இந்தப் பக்கம். அவள் போய்ச் சேர்ந்தபோது நல்ல கூட்டம். ஈரச் சாக்கின் மேல் கட்டுக்கட்டாகக் கீரை, ஒரு ஓட்டைகூட இல்லாமல், படத்தில் வரைந்ததுபோல் பளபளத்தது. தராசுக்குப் பக்கத்தில் அவளுடைய பாட்டில்கள் இரண்டைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இத்தனை காலம் சந்தைக்குப் போகாதவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்காதீங்க. இதுல கடை மருந்து கலந்திருக்கு. நேத்துதான் அடிச்சிருக்காங்க. இந்தப் பாட்டில்ல இருக்கறது என் மூஞ்சிதான். நான்தான் சொல்றேன், வாங்காதீங்க."

விற்கிற ஆள் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். ஒரு பெரியவர் கட்டைத் திருப்பி வைத்தார். இன்னொருவர், "ஏம்மா, இத்தனை நாள் நல்லதுன்னு வித்துட்டு, இப்ப பங்குல தகராறா?" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு, "எதுலதான் மருந்து இல்ல?" என்று போய்விட்டாள். கரைசலக்கா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை தலையைத் தோளில் சாய்த்துத் துவண்டு கிடந்தது. "முந்தாநாள் வாங்கினேன். மசிச்சு இவனுக்குத்தான் ஊட்டினேன். நேத்துலேருந்து வாந்தி. நிக்கவே மாட்டேங்குது. இதனாலயா?"

"தெரியலம்மா. இதனாலயும் இருக்கலாம், வேற எதனாலயும் இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. இதைச் சாப்பிட்டான்னு சொல்லுங்க."

"என்ன மருந்துன்னு கேப்பாங்களே!"

தையல்காரி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். கீரைக்காரர் போன் பண்ணியிருப்பார். தலை கலைந்திருந்தது, தோளில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. பாட்டில் விற்பவளாக அவளை அங்கே பலருக்குத் தெரியும். "இதோ, இந்தம்மாதான் கொண்டுவரும்" என்று யாரோ கை காட்டினார்கள். குழந்தையோடு நின்றவள் அவள் பக்கம் திரும்பினாள். "என்னத்தம்மா கலந்தீங்க? சொல்லுங்க!"

தையல்காரி குழந்தையைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். வாசல் காவலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். கடைசியாக ஒரு நொடி கரைசலக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கரைசலக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் தையல்காரி. சந்தையில் பேசும் அதே எடுப்பான குரல். "நான் ஜாக்கெட் தைக்கிறவ. கலக்குறதெல்லாம் அக்காதான். என்ன போடுவாங்கன்னு யாரையும் கொட்டகைக்குள்ளயே விடமாட்டாங்க. அடைச்சுக் கொடுப்பேன், அவ்வளவுதான் எனக்கு."

கூட்டம் முழுவதும் கரைசலக்கா பக்கம் திரும்பியது. பாட்டிலில் அச்சடித்த முகமும் உயிருள்ள முகமும் ஒரே இடத்தில் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருந்தது.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. டப்பா எங்கே இருந்தது, ஈக்கள் எப்படி உதிர்ந்தன, யார் கேட்டு யார் கலந்தார்கள். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினால் இவர்களில் பாதிப் பேராவது புரிந்துகொள்வார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். குழந்தை அம்மாவின் தோளில் மறுபடி ஓங்கரித்தது.

டப்பா வீட்டில் இருந்தது. கரைசலக்கா அதில் எழுத்துக்கூட்டிப் படித்த அந்தப் பெயரைச் சொன்னாள்.

"பார்த்தீங்களா, பேரை எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போட்டவளுக்குத் தெரியாதா?" என்றது இன்னொரு குரல். சற்றுமுன் கீரையைத் திருப்பி வைத்த பெரியவர் காறித் துப்பினார். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

குழந்தையின் அம்மா ஒரு கையால் போனில் எழுத்துகளைத் தேடி அழுத்தினாள். "புரியல. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

கரைசலக்கா சக்கரத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஊரே கேட்டுக்கொண்டிருக்க, எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெயரை இன்னொரு தரம் சொன்னாள்.